நாமினி கட்டத்தில் யார் பெயர்?

சிப்காட்டில் வேலைக்குச் சேரும் அன்று நீட்டுகிற தாள்களில் ‘நாமினி’ என்றொரு கட்டம் கட்டாயம் இருக்கும். கல்யாணமாகாத பையன் அம்மா பெயரையோ அண்ணன் பெயரையோ எழுதிவிட்டு ஷிஃப்டுக்கு ஓடுவான். அதோடு மறந்தும் போவான். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சரிபார்க்க வேண்டியவை இவை.

1. நாமினிதான் வாரிசு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வங்கிப் பணத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்குபவர் நாமினி. அதில் பங்கு வாரிசுகள் எல்லோருக்கும் உண்டு. ஆயுள் காப்பீட்டுக்கும் இதையே 1984இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பாலிசியில் மட்டும் நிலைமை வேறு: பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம்.

2. பி.எஃப்.பில் கல்யாணத்துக்கு முன் எழுதிய நாமினி அதற்குப் பின் செல்லாது. புதிதாகப் பதிய வேண்டும். மனைவி இருக்கும்போது அண்ணன், தங்கை பெயரைப் போடவும் முடியாது, பி.எஃப். விதியில் அவர்கள் குடும்பக் கணக்கில் வரமாட்டார்கள். வேலையில் இருக்கும்போதே இறந்தால் கிடைக்கும் 7 லட்சம் வரையிலான இன்சூரன்ஸும் இதே நாமினிக்குத்தான் போகும்.

3. பி.எஃப்.க்கான யு.ஏ.என். தளத்தில் ‘இ-நாமினேஷன்’ போட உங்கள் போட்டோ, நாமினியின் ஆதார், போட்டோ வேண்டும். கடைசியில் ஆதார் ஓ.டி.பி. வைத்து இ-சைன் செய்யாவிட்டால் அத்தனையும் அரைகுறைதான். பிரவுசிங் சென்டரில் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் இதை நின்று பார்த்துவிட்டு வரவும்.

4. அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகத்தில் வேலை பார்ப்பவர்கள் பெயரைக் கவனியுங்கள். நம்மூரில் இனிஷியல் முன்னால் வரும். அங்கே பின்னால் போகும், சில இடங்களில் அப்பா பெயரே முழுசாக ஒட்டிக்கொள்ளும். ஆதாரில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

5. வங்கி பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் நாமினி பதிவான விவரம் இருக்கிறதா? 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி வைக்கலாம். யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிப்பிடலாம்.

6. பைக் பாலிசியிலும் ஒரு நாமினி உண்டு. வண்டிச் சொந்தக்காரர் ஓட்டும்போது இறந்தால் 15 லட்சம் தரும் விபத்துக் காப்பீட்டுக்கானது அது. லைசென்ஸ் இருக்க வேண்டும். வண்டி அப்பா பெயரில், ஓட்டுவது பையன் என்றால் பையனுக்கு அந்தப் பணம் கிடையாது! தினமும் நெடுஞ்சாலையில் போய்வரும் பிள்ளைக்கு வண்டியை அவன் பெயரிலேயே எடுப்பது மேல்.

7. கிராஜுவிட்டிக்குத் தனி நாமினி. பி.எஃப்.பில் மாற்றினால் இது தானாக மாறாது. கான்ட்ராக்டில் இருப்பவர்கள் கான்ட்ராக்டர் ஆபீஸில் கேட்க வேண்டும்.

8. சின்னக் குழந்தை நாமினி என்றால் கார்டியன் பெயரும் வேண்டும்.