கழிவு போகும் வழி



சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் ஒரு சிறுவன் கேட்டான்: "தாத்தா, 'ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது கழிவறையை உபயோகிக்காதீர்கள்' என்று ரயிலில் எழுதியிருந்தார்களாமே, ஏன்?" தண்டவாளப் பராமரிப்பில் 37 ஆண்டுகள் உழைத்தவன் நான். அவனுக்குச் சொன்ன பதிலைச் சற்று விரிவாக இங்கே தருகிறேன்.

நம் நாட்டில் பயணிகள் ரயில் 1853இல் ஓடத் தொடங்கியது. சாதாரண வகுப்புப் பெட்டிகளில் வெகுகாலம் கழிவறை கிடையாது. வழியில் இறங்கிக் கழிவறைக்குப் போய் வண்டியைத் தவறவிட்ட ஒகில் சந்திர சென் என்ற பயணி, 1909இல் ரயில்வேக்கு எழுதிய புகார்க் கடிதம் பிரசித்தமானது. பிறகு கழிவறைகள் வந்தன. ஆனால் கழிவு எங்கே போகும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. ஒரு குழாய் வழியே அது நேரே தண்டவாளத்தில் விழுந்தது. சுமார் நூறு ஆண்டுகள் இப்படியே ஓடியது.

இதனால் விளைந்த தீங்குகள் இரண்டு.

முதலாவது, இரும்புக்கு. தண்டவாளத்தின் அடிப்பாகத்தைக் கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் ஈரமும் அழுக்கும் தங்கும். சிறுநீரிலுள்ள உப்பு எஃகை அரிக்கும். அடிப்பாகம் மெலிந்து, அங்கிருந்து விரிசல் தொடங்கலாம். இன்னும் பல ஆண்டுகள் உழைக்க வேண்டிய தண்டவாளத்தை முன்னதாகவே மாற்ற வேண்டிவரும். அனில் ககோட்கர் தலைமையிலான பாதுகாப்புக் குழுவும் 2012இல், திறந்த கழிவறைகளைக் கைவிடப் பரிந்துரைத்தது.

இரண்டாவது, மனிதருக்கு. பிளாட்பாரத் தண்டவாளத்தில் விழுந்ததைத் துடைப்பமும் தகரமும் கொண்டு அள்ளியவர்கள் இருந்தார்கள். இங்கே என் குறையையும் சொல்லிவிடுகிறேன். அரிப்பு எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து பதிவேட்டில் எழுதினேன். பக்கத்தில் அள்ளிக்கொண்டிருந்த அம்மாளின் கையில் உறை இல்லை என்பதை ஒரு நாளும் எழுதவில்லை. அதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை, எனக்கும் தோன்றவில்லை.

மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்க 1993இலும், இன்னும் கடுமையாக 2013இலும் சட்டங்கள் வந்தன. தண்டவாளங்களில் இந்த வேலையைக் காலவரையறை வைத்து ஒழிக்க வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமும் ரயில்வேயும் சேர்ந்து உயிரிக் கழிவறையை உருவாக்கின. பெட்டியின் அடியில் ஒரு தொட்டி. அதில் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிரிகள். அவை கழிவைத் தின்று நீராகவும் வாயுவாகவும் மாற்றுகின்றன. அந்த நீர் குளோரின் கலந்து வெளியேறும். 2016இல் நம் மானாமதுரை - இராமேசுவரம் பாதை, கழிவு விழாத முதல் 'பசுமைப் பாதை' ஆயிற்று. சில ஆண்டுகளில் நாடு முழுவதும் பயணிகள் பெட்டிகளில் இது பொருத்தப்பட்டது.

பாடம் இதுதான்: ரயிலின் வேகத்தைக் கூட்டுவது முன்னேற்றம் என்று எல்லோரும் அறிவோம். அதன் அடியில் ஒரு தொட்டி வைப்பதும் அதே அளவு முன்னேற்றம். கண்ணில் படாததால் அது கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டது.

நகரங்களில் இன்றும் அப்படித்தான். பாதாளச் சாக்கடையில் இறங்கி இறப்போர் குடும்பத்துக்கு 2014இல் பத்து லட்சமாக இருந்த இழப்பீட்டை, 2023இல் உச்ச நீதிமன்றம் முப்பது லட்சமாக உயர்த்தியது. இழப்பீட்டை உயர்த்த வேண்டியிருந்ததே, அந்த மரணங்கள் நிற்கவில்லை என்பதற்குச் சாட்சி.

நாம் செய்யக்கூடியவை மூன்று:

1. கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ரயில் கழிவறையில் பாட்டில், பிளாஸ்டிக் பை, நாப்கின் எதையும் போடாதீர்கள். தொட்டி அடைத்துக்கொண்டால் அதைச் சுத்தம் செய்யப்போவதும் ஒரு மனிதர்தான். அடைப்பே பெருங்குறை என்று கணக்குத் தணிக்கை அறிக்கை 2017இல் காட்டியது.

2. குடியிருப்பில் செப்டிக் டேங்க் நிறைந்தால், மலிவு என்று ஆளை இறக்காதீர்கள். இயந்திர வண்டியை அழையுங்கள்.

3. உங்கள் தெருக் கழிவு எங்கே போகிறது என்று பிள்ளைகளை விசாரித்து வரச் சொல்லுங்கள்.

நான் பணியில் இருந்தபோது கேட்காத கேள்வி அது. அவர்களாவது கேட்கட்டும்.