பாதியில் விட்ட தொடர்கள்

திமிரி

அன்புள்ள தம்பிக்கு,

தொலைக்காட்சித் தொடரைப் பாதியில் விட்டவர்களுக்கு வரும் குற்ற உணர்வுக்கு ஒரு காரணம், தொடரையும் நாவலையும் ஒன்றாக நினைப்பது. நாவலின் கடைசிப் பக்கம் வாசகர் கைக்கு வரும் முன்பே அச்சாகிவிட்டிருக்கும். தமிழ் மெகா தொடருக்கு அப்படி ஒரு பக்கம் கிடையாது. பார்வையாளர் கணக்கை எடுக்கும் பார்க் அமைப்பின் டி.ஆர்.பி. வாராவாரம் வெளியாகிறது, அதைப் பார்த்துக் கதை நீளும், திரும்பும், சுருங்கும். நடிகர் விலகினால் ‘இவருக்குப் பதில் இனி இவர்’ என்ற ஒரு வரியோடு வேறொருவர் அதே வீட்டுக்குள் நுழைவார். கதை போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது என்பதற்காக முடியும் தொடர்கள் குறைவு. அந்த நேரத்துக்கு வேறு தொடர் தேவைப்படுவதால் முடிபவையே அதிகம்.

அளவையும் பார்க்க வேண்டும். சன் டிவியில் 1999இல் தொடங்கிய ‘சித்தி’ 2001இல் முடிந்தது. ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை 1533 எபிசோடுகள் ஓடியது. 2014இல் தொடங்கிய ‘சந்திரலேகா’ இரண்டாயிரத்தையும் தாண்டி 2022இல்தான் நின்றது. மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்பது கேபிள் தொலைக்காட்சி விதி. அரை மணி நேரத்தில் கதைக்கு 22 நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் ‘கோலங்கள்’ முழுவதையும் பார்க்க 560 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ராணிப்பேட்டைக்கோ ஆம்பூருக்கோ ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறவரின் எட்டு மணி நேரக் கணக்கில் அது எழுபது நாள் உழைப்பு. அவ்வளவையும் விடாமல் பார்த்தவர்தான் காரணம் சொல்ல வேண்டியவர்.

தொடரை எடுப்பவர்களும் பாதியில் விடுவதுண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து படப்பிடிப்பு நின்றபோது சில தொடர்கள் அப்படியே கைவிடப்பட்டன. ரேவதி நடித்து 2017 முதல் வந்துகொண்டிருந்த ‘அழகு’ அவற்றில் ஒன்று. ஒருநாள்கூட விடாமல் பார்த்தவருக்கும், எப்போதோ விட்டவருக்கும் அதில் கிடைத்தது ஒன்றுதான். இலக்கியத்திலும் இது உண்டு. பாரதியார் 1921இல் மறைந்தபோது ‘சந்திரிகையின் கதை’ முற்றுப்பெறாமல் நின்றது. அந்த நிலையிலேயே இன்றும் படிக்கப்படுகிறது. 1954இல் கல்கி மறைந்தபோது பாதியில் நின்ற ‘அமர தாரா’வை அவர் மகள் ஆனந்தி எழுதி முடித்தார்.

இவையெல்லாம் தெரிந்தும் மனம் ஒப்பாததற்கு உளவியலில் இரண்டு விளக்கங்கள் உண்டு. முதலாவது புளூமா ஸைகார்னிக் 1927இல் பெர்லினிலிருந்து வெளியிட்ட ஆய்வு. முடித்த வேலையைவிட இடையில் நிறுத்தப்பட்ட வேலையே நினைவில் அதிகம் தங்குகிறது என்றார் அவர். பிற்காலச் சோதனைகளில் இது எப்போதும் ஒரே மாதிரி வரவில்லை. ஆனாலும் தொடர் எடுப்பவர்கள் இதையே நம்பித் தொழில் செய்கிறார்கள். சனிக்கிழமை எபிசோடின் கடைசி நொடியில் கதவு தட்டப்படும், மூன்று முகங்கள் மாறி மாறித் திரும்பும், ‘தொடரும்’ விழும். அந்த அரிப்பு பார்ப்பவரின் குணக்குறை அல்ல, திட்டமிட்டு வைக்கப்பட்டது.

இரண்டாவது விளக்கம் இன்னும் பயனுள்ளது. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இருவர் 1985இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழக நாடக அரங்கில் நடந்த ஒரு சோதனை வருகிறது. ஆண்டு முழுவதுக்குமான நாடகச் சீட்டு வாங்க வந்த சிலருக்கு முழு விலையான 15 டாலருக்கும், சிலருக்கு 2 டாலர், சிலருக்கு 7 டாலர் தள்ளுபடியிலும் சீட்டு தரப்பட்டது. யாருக்கு எந்த விலை என்பது குலுக்கல் முறை. நாடகங்கள் எல்லோருக்கும் ஒன்றே. ஆனாலும் முதல் பாதி ஆண்டில் முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். கொடுத்த காசு வீணாகக் கூடாது என்பதே அவர்களை இழுத்து வந்தது. பிற்பாதியில் அந்த வேறுபாடு மறைந்தது. தொடர் பார்ப்பவர் காசுக்குப் பதில் மாலைகளைக் கொடுத்திருக்கிறார். நானூறு எபிசோடு பார்த்தாகிவிட்டதே என்பது நானூற்று ஒன்றாவதைப் பார்க்கக் காரணமாகாது. போன மாலைகள் எப்படியும் திரும்பப் போவதில்லை.

நீண்ட கதையை விட்டு விட்டுப் பார்ப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதும் அல்ல. ஆற்காட்டிலிருந்து திமிரி வழியாக ஆரணி, செய்யாறு வரை திரௌபதியம்மன் கோயில் ஊர்களில் பாரதத் திருவிழா நடக்கிறது. பகலில் பல நாள் பாரதப் பிரசங்கம். அதன் பின்பகுதியில் இரவிரவாகக் கூத்து. வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று ஒவ்வோர் இரவும் ஒரு கதை. எல்லா இரவும் கண்விழிப்பவர் அரிது. ஒருவர் கட்டியங்காரன் பேச்சுக்கு வருவார், துகில் உரியும்போது பாய் விரித்துத் தூங்கிவிடுவார், அர்ச்சுனன் கம்பம் ஏறுகிற நாளுக்கு மறுபடியும் வருவார். களிமண்ணால் துரியோதனனைப் பெரிதாகப் படுக்கவைக்கும் படுகளத்துக்கு ஊரே திரளும். இடையில் தவறவிட்டதற்காக அம்மனிடம் மன்னிப்புக் கேட்டதாகக் கேள்வி இல்லை. பாரதத்தின் முடிவு எல்லோருக்கும் தெரியும், தொடரின் முடிவு தெரியாதே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் நேற்று நடந்ததை இன்று நான்கு பேர் நான்கு முறை பேசுவதுதான் தொடரின் வழக்கம். ஒரு மாதம் கழித்து வருபவரும் அரை மணியில் கதையைப் பிடித்துவிடலாம்.

இணையத் தொடர்களின் கணக்கு கொஞ்சம் வேறு. 2022இல் வந்த ‘சுழல்’ முதல் பாகம் எட்டு எபிசோடுகள்தான். முடிவு எழுதப்பட்ட பின்னரே எடுக்கப்பட்ட கதை. இத்தகையதை ஆறாவதில் விடும்போது முடிச்சு அவிழும் இடம் உண்மையாகவே தவறிப்போகிறது. ஓரிரு எபிசோடு பார்த்து, பிடிக்கவில்லை என்றால் அங்கேயே விடுவது நல்லது. செயலி திறந்ததும் அரைகுறையாக நிற்பவற்றை வரிசையாகக் காட்டும். நெடுநாள் உறுத்தல் பலருக்கு அங்கிருந்துதான். அந்த வரிசையிலிருந்து பெயரை எடுத்துவிடும் வசதி பெரும்பாலான செயலிகளில் இருக்கிறது.

கதைக்கு எதுவும் பாக்கி இல்லை. கூட உட்கார்ந்து பார்த்தவருக்கு இருக்கலாம். ஆயாவோடு தினமும் பார்த்த பேரன் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டால் ஆயாவுக்குத் தொடர் போகவில்லை, பேச்சுத்துணை போய்விட்டது. அதற்குத் தவறிய எபிசோடுகளைத் தேடிப் பார்க்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்து அந்த மருமகள் என்ன ஆனாள் என்று கேட்டால் ஆறு நாள் கதையும் பத்து நிமிடத்தில் வந்துவிடும், வில்லிக்கு விழ வேண்டிய திட்டும் சேர்த்து.

அன்புடன்,
அக்கா