குறிப்பும் நினைவும்

படித்ததை மனத்தில் இருத்துவது எவ்வாறு என்பது மாணவருக்கும், கோப்புகளுக்கிடையே பணிபுரியும் அலுவலருக்கும் பொதுவான கேள்வியாகும். குறிப்பு இருந்தால் நினைவு எதற்கு என்பார் சிலர். நினைவாற்றல் இருப்பின் குறிப்பு எதற்கு என்பார் வேறு சிலர். இவ்விரு கருத்துகளும் பொருந்தா என்பதைச் சமூகவியல் அறிஞர் எம். என். சீனிவாசின் அனுபவம் தெளிவாக்குகிறது.

எரிந்த குறிப்புகள்

1916-இல் மைசூரில் பிறந்த சீனிவாஸ், அந்நகரின் மகாராஜா கல்லூரியில் பயின்றவர். 1948-இல் மைசூருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் தங்கி ஆய்வு நடத்தினார். ராம்புரா என்பது அவ்வூருக்கு அவர் சூட்டிய புனைபெயராகும். அங்கு எடுத்த குறிப்புகளைப் பின்னர் பதினெட்டு ஆண்டுக் காலம் சீர்படுத்தி வகைப்படுத்தி வந்தார்.

1970 ஏப்ரல் 24 அன்று, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் அவர் பணியாற்றிய ஆய்வு மையத்துக்குச் சிலர் தீ வைத்தனர். வகைப்படுத்திய குறிப்புகளின் மூன்று படிகளும் அங்கே அவருடைய அறையிலேயே இருந்தமையால் எரிந்துபோயின. களத்தில் எழுதிய மூலக் குறிப்புகள் மட்டும் தில்லியில் எஞ்சின. மானிடவியல் அறிஞர் சோல் டாக்ஸ் ஊக்கமளிக்க, பெரும்பாலும் நினைவையே துணைக்கொண்டு அவர் எழுதிய ‘தி ரிமெம்பர்ட் வில்லேஜ்’ 1976-இல் வெளிவந்தது.

நினைவு நிலைத்தது ஏன்?

அவ்வூர் மக்களோடு வாழ்ந்தது ஒரு காரணம். குறிப்புகளை மீண்டும் மீண்டும் பகுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சிந்தித்தது மற்றொரு காரணம் எனலாம். தாள் எரிந்தது, தாளை உருவாக்கிய உழைப்பு மனத்தில் தங்கியது. கேட்டதை அப்படியே படியெடுப்பதால் இப்பயன் கிட்டாது.

எனினும் நினைவை முற்றிலும் நம்புதல் ஆகாது. நாம் நினைவுகூரும்போது நிகழ்ச்சியைப் புதிதாகக் கட்டியமைக்கிறோம் என்பதைப் பார்ட்லெட் என்னும் உளவியலறிஞர் 1932-இல் விளக்கினார். எண்களுக்கும் தேதிகளுக்கும் எழுத்தே சான்று.

ஆய்வுகள் கூறுவன

கற்றதில் பெரும்பகுதி தொடக்கத்தில் விரைவாகவும், பின்னர் மெதுவாகவும் மறந்துபோகிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் 1885-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். ரோடிகர், கார்ப்பிக் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வும் கருதத்தக்கது. பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடங்களுக்குப் பின் நடந்த தேர்வில் முன்னின்றனர். ஆனால் ஒரு வாரத்திற்குப் பின், படித்ததைப் பாராமல் எழுதிப் பார்த்தவர்களே மேம்பட்டு நின்றனர். உடனடித் தெளிவை நிலைத்த அறிவு என மயங்கலாகாது என்பது இதன் பாடம்.

கடைப்பிடிக்கத்தக்கவை

1. குறிப்பைச் சொந்தச் சொற்களில் சுருக்கி எழுதுக. எண், நாள், பெயர், விதி ஆகியவற்றை மட்டும் உள்ளவாறே குறிக்க.

2. தாளின் இடப்புறம் ஒரு பத்தியும், அடியில் சிறிது இடமும் விடுக. இடப்புறம் வினாக்களையும், அடியில் சாரத்தையும் பின்னர் எழுதுக. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் பாக் பரப்பிய முறை இது.

3. குறிப்பை மறைத்துக்கொண்டு வினாக்களுக்கு விடை கூறுக. மறுநாளும், ஒரு வாரத்திற்குப் பின்னும், ஒரு மாதத்திற்குப் பின்னும் இதனைச் செய்க.

4. முதன்மையான குறிப்புகளின் படிகளை வெவ்வேறு இடங்களில் வைக்க. ஒரே அறையில் உள்ள மூன்று படிகள், ஆபத்து வேளையில் ஒரு படிக்கே சமம்.

நினைவுக்குப் பயிற்சியளிப்பது குறிப்பு. குறிப்புக்குப் பொருள் தருவது நினைவு. இரண்டையும் ஒருங்கே வளர்ப்பவரே கற்றதைத் தேர்விலும் பணியிலும் உரிய நேரத்தில் பயன்படுத்த இயலும்.