எள்ளின் நெய்யும் தவிட்டின் நெய்யும்

எள்ளும் நெய்யும் புணர்ந்து எண்ணெய் என நின்றதை இலக்கணம் கற்றார் யாவரும் அறிவர். அப்பெயர் நாளடைவிற் பொதுப்பெயராகித் தேங்காய்க்கும் கடலைக்கும் சென்றது. திருமறையில் யாம் படிக்கும் ஒலிவ எண்ணெயிலும் எள் ஒளிந்திருக்கின்றது! பெயர் ஒன்றாயினமையால் குணமும் ஒன்றெனக் கொள்வது பிழை.

கடைகளில் எண்ணெய்ப் புட்டிகளின்மேல் 'கொலஸ்டிரால் இல்லாதது' என்று பொறித்திருப்பக் காண்கிறோம். அது பொய்யன்று, ஆயினும் பயனற்ற மெய். தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்டிரால் பொருட்படுத்தத்தக்க அளவில் இல்லை. நம் உடலிலுள்ள கொலஸ்டிராலிற் பெரும்பகுதியை உடலே ஆக்கிக்கொள்கின்றது. ஆதலின் வினவ வேண்டுவது, எண்ணெயில் அஃது உண்டோ என்பதன்று. உண்ட எண்ணெய் கல்லீரலை என்ன செய்கின்றது என்பதே.

குருதியிற் கொலஸ்டிராலைச் சுமந்து செல்லும் துகள்களுள் எல்.டி.எல். என்பது மிகுமாயின் நாளங்களிற் படிந்து இதயநோய்க்கு வழிசெய்யும். அதனைப் பற்றி உள்ளிழுக்கும் ஏற்பிகள் கல்லீரல் அணுக்களின்மேல் உள. இவற்றைக் கண்டறிந்த பிரௌன், கோல்ட்ஸ்டைன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவரும் 1985-இல் நோபெல் பரிசு பெற்றனர். நிறைவுற்ற கொழுப்பு இவ்வேற்பிகளின் வினையைக் குறைக்கும். நிறைவுறாக் கொழுப்பு அதன் இடத்தைக் கொள்ளின் அவ்வினை மிகும். நல்லெண்ணெயில் நிறைவுற்றது ஏறத்தாழ 15 விழுக்காடு, தேங்காயெண்ணெயிலோ 90. 2020-இல் 16 சோதனைகளை ஒருங்கு நோக்கிய ஓர் ஆய்வு, பிற தாவர எண்ணெய்களை உண்டாரினும் தேங்காயெண்ணெய் உண்டார்க்கு எல்.டி.எல். டெசிலிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவு மிக்கிருந்ததைக் காட்டிற்று. நல்லதெனப்படும் எச்.டி.எல். என்பதும் 4 மில்லிகிராம் ஏறிற்று. அதனால் தீங்கு ஈடாயிற்று என்பதற்குச் சான்று போதாது. பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகளையுடைய நண்பர்கள் என்னை முனியற்க.

நெல்வயல் சூழ்ந்த நம் நாட்டிற்கே உரிய எண்ணெய், மாட்டிற்கு இடும் தவிட்டில் இருக்கின்றது. அதில் நிறைவுற்ற கொழுப்பு 20 விழுக்காட்டளவே. அன்றியும், ஒரைசனால் என்னும் பொருளும் தாவர ஸ்டெரால்களும் அதில் உண்டு. இவை குடல் கொலஸ்டிராலை ஏற்பதைத் தடுப்பன. ஆயினும் பச்சரிசித் தவிட்டிலுள்ள நொதியொன்று, அரைத்த சில மணி நேரத்திலேயே எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கும். நெல்லைப் புழுக்கும்போது ஆவியின் வெம்மை அந்நொதியை அழித்துவிடும். நம் பாட்டியர் அண்டாவில் நெல் அவித்தபோது தவிட்டையும் காத்தனர், அறிந்து செய்தாரல்லர்!

ஈரம் மிக்க நெல்லைக் கெடாது காக்கும் வழி காணத் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் 1967-இல் தோன்றிய ஆய்வகமே, 1984-இல் தஞ்சைக்குப் பெயர்ந்து, இன்று நிஃப்டெம் என்னும் தேசிய நிறுவனமாய் விளங்குகின்றது.

தவிட்டெண்ணெய் வாங்குவார் ஒன்று நோக்குக. காரமிட்டுச் சுத்திகரிக்குங்கால் ஒரைசனாலின் பெரும்பகுதி கழிவோடு போய்விடும். ஆவியால் சுத்திகரித்ததில் அது மிகுதியும் எஞ்சும்.