மாமனார் வீட்டுத் துஷ்டியும் நம்ம ஸ்லாங்கும்

"ஆர்.ஐ.பி மாமா. ஃபீல் பண்ணாதீங்க. அத்தை செம கெத்து, வேற லெவல்."

இந்த மெசேஜ்ல ஒரு கெட்ட வார்த்தைகூட இல்ல. அனுப்புற மருமகனுக்குப் பாசமும் இருக்கு. ஆனா மனைவியைப் பறிகொடுத்துட்டு இராஜபாளையத்துல பந்தலுக்குக் கீழ உக்காந்திருக்கிற மனுஷன் இதை வாசிச்சா, 'பையன் விளையாடுறான்'னுதான் தோணும். ஏன்? பதில் நம்ம பள்ளிக்கூட இலக்கணத்துலயே இருக்கு.

1. மங்கலமும் குழூஉக்குறியும்

13-ஆம் நூற்றாண்டுல பவணந்தி முனிவர் எழுதின நன்னூல், தகுதி வழக்கை மூணாப் பிரிக்குது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. 'செத்தார்' என்பதைத் 'துஞ்சினார்' என்று மாற்றிச் சொல்வது மங்கலம். பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்பது குழூஉக்குறி, அதாவது ஒரு கூட்டத்துக்குள்ள மட்டும் புரியுற சொல்.

நம்ம 'கெத்து', 'வேற லெவல்' எல்லாம் இந்த மூணாவது வகைதான். ஹாஸ்டல்ல அதுக்கு முழு அர்த்தம் இருக்கு. மாமா நம்ம கூட்டத்துல இல்ல. மங்கலம் வேண்டிய இடத்துல குழூஉக்குறியைப் போட்டதுதான் இங்க பிழை. ஸ்லாங் மட்டமான மொழிங்கிறதால இல்ல.

2. சொல்றதா, கேக்குறதா?

இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச நமக்கு, இரங்கல்னா நாம ஏதோ 'சொல்லணும்'னு ஒரு நெனப்பு. நம்ம தென் மாவட்டத்துல யாரும் துஷ்டி 'சொல்ல'ப் போறதில்ல, துஷ்டி 'கேக்க'ப் போறாங்க. பொதுத்தமிழ்லயும் துக்கம் 'விசாரிக்கிறது'தான். 'கேள்'னு சொன்னா வினவுறது, காது கொடுக்கிறது ரெண்டும் அடங்கும். உங்க வேலையும் அந்த ரெண்டுதான்.

'ஃபீல் பண்ணாதீங்க', 'ஸ்ட்ராங்கா இருங்க' ரெண்டும் ஏவல். அழுதுட்டு இருக்கிற பெரியவருக்கு மருமகன் கட்டளை போடுற மாதிரி ஆயிடும். ஏவலை வினாவா மாத்திப் பாருங்க, தொனியே மாறிடும்.

3. மாத்திச் சொல்லிப் பார்ப்போம்

ஆர்.ஐ.பி மாமா → (கையைப் பிடிச்சு) மாமா...
அத்தை செத்துட்டாங்களா? → அத்தை தவறிட்டாங்கன்னு கேள்விப்பட்டதும் கிளம்பிட்டேன் மாமா.
அத்தை செம கெத்து → நான் எப்ப வந்தாலும் சாப்பிடாம விட மாட்டாங்க மாமா.
ஃபீல் பண்ணாதீங்க → ஒரு வாய் காப்பியாவது குடிச்சீங்களா மாமா?
ஏதாவது வேணும்னா சொல்லுங்க → வெளியூர்ல யாருக்கெல்லாம் தகவல் சொல்லணும்? நான் போன் பண்றேன் மாமா.

மூணாவது வரியைக் கவனிங்க. 'கெத்து' யாருக்கு வேணா பொருந்தும். 'சாப்பிடாம விட மாட்டாங்க' அந்த அத்தைக்கு மட்டும்தான் பொருந்தும். பொதுவான பாராட்டைவிட ஒரு சின்ன ஞாபகம்தான் அவர் மனசுல நிக்கும்.

'காலமானார்', 'இயற்கை எய்தினார்' எல்லாம் போஸ்டருக்கும் பேப்பருக்கும் உள்ளவை. நேர்ல சொன்னா செய்தி வாசிச்ச மாதிரி இருக்கும். பேச்சுக்குத் 'தவறிட்டாங்க' போதும். இராஜபாளையத்துல வீட்டுக்குள்ள தெலுங்கு பேசுற குடும்பங்கள் நிறைய. உங்க மாமனார் வீடும் அப்படின்னா, தெரிஞ்ச ரெண்டு வார்த்தையை அந்த மொழியிலேயே பேசுங்க.

கிளம்பும்போது 'போயிட்டு வர்றேன்' சொல்லக்கூடாது. துஷ்டி வீட்டுக்கு 'மறுபடி வர்றேன்'னு சொல்றது அமங்கலம். தலையை அசைச்சுட்டுக் கிளம்பிடலாம்.

4. வார்த்தையே வரலன்னா?

வர வேண்டாம். பக்கத்துல உக்காருங்க, போனை சைலண்ட்ல போடுங்க. அவர் ஆஸ்பத்திரிக் கதையையே நாலு தடவை திரும்பச் சொன்னாலும் முதல் தடவை கேக்குற மாதிரி கேளுங்க. அதுவும் துஷ்டி கேக்குறதுதான்.

பயிற்சி: ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கிற உங்க நண்பனோட தாத்தா தவறிட்டார். (அ) நண்பனிடம், (ஆ) அவன் அப்பாவிடம் நீங்க பேசும் முதல் இரண்டு வாக்கியங்களை எழுதுக. முதல் விடையில ஸ்லாங் வரலாம், அவன் உங்க கூட்டம்தான். இரண்டாவதுல ஏவல் வினை ஒண்ணுகூட வரக்கூடாது.