நினைவுத் தோட்டமும் ஒரே அளவுக் கல்லும்
வேதபகுதி: யோசுவா 4:1-9, 2 சாமுவேல் 18:18

சபை வளாகத்தில் நினைவுத் தோட்டம் வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். வைக்கலாம். யோர்தானில் எடுத்த 12 கற்கள், பிள்ளைகள் கேட்கும்போது கர்த்தர் செய்ததைச் சொல்வதற்காக நாட்டப்பட்டவை. அப்சலோமோ உயிரோடிருக்கையிலேயே தன் பேருக்குத் தூண் நிறுத்தினான். நம்ம தோட்டம் எந்த மாதிரி?

பூந்தமல்லி வழியாய்ப் போனால் நந்தம்பாக்கத்தில் 1952-ல் அமைத்த யுத்தக் கல்லறைத் தோட்டம். இரண்டாம் உலக யுத்தத்தில் மரித்த 850-க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கம். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல்தான்!

இங்கேயோ வசதியுள்ளவர் பெரிய கிரானைட் கேட்கிறார். கான்ட்ராக்ட் வேலைக்கு வந்து மரித்த தம்பிக்குக் கல் போட ஆளில்லை. ஆகவே எல்லோருக்கும் ஒரே கல், சபைப் பணத்தில். மாலை, மெழுகுவர்த்தி வேண்டாம். மரித்தோரிடம் நாம் ஜெபிக்கிறதில்லையே. வேம்பும் புங்கனும் போதும், பிள்ளைகள் உட்கார ஒரு திண்ணையும். முதல் கல் அந்தத் தம்பிக்கு. அவர் ஊர்ப் பேரையும் சேர்த்தே எழுதுவோம்.