வளர்ப்பு மீனுக்கு இறால் இடும் முறை

இரணைமடுக் குளத்து நீரால் நெல் விளையும் உருத்திரபுரத்தில், கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் கமக்காரர் கறிக்கு வாங்கிய இறாலிற் சிறிது மீனுக்கும் இட விரும்புதல் இயல்பே. இறால் புரதம் மிக்க உணவு. ஆயினும் முறை தவறின் மீன் மடியும்.

சிலவகைப் பச்சை இறாலிலும் மட்டியிலும் கடல்மீனிலும் தயமினேசு என்னும் நொதியம் உண்டு. அது தயமின் என்னும் உயிர்ச்சத்தை அழிக்கும். இவற்றையே நாள்தோறும் உண்ணும் மீன் சோர்ந்து, நிலைதடுமாறி நீந்தும். அவித்தால் நொதியம் செயலிழக்கும்.

ஆதலால், இறாலின் ஓட்டையும் குடலையும் நீக்கி, உப்பும் மிளகாயும் சேர்க்காது அவித்து, மீனின் வாய்க்கு அடங்குமாறு நறுக்கி இடுக. வாரத்துக்கு ஒரு முறை அல்லது இரு முறை போதும். ஏனைய நாள்களில் வழக்கமான தீனியே இடுக. உப்பிட்ட கருவாடு ஆகாது.

சில நிமிடங்களில் தின்னாது விட்ட மிச்சத்தை உடனே அகற்றுக. அது அழுகின் ஒட்சிசன் குறையும், அமோனியா பெருகும். அமோனியா உரமாக வயலில் நெல்லை வளர்க்கும் நைதரசனே தொட்டியில் மீனுக்கு நஞ்சாகும்.

வாரந்தோறும் தொட்டி நீரில் நாலில் ஒரு பங்கை மாற்றுக. அகற்றிய நீரைக் கத்தரி, மிளகாய்ப் பாத்திகளுக்கு ஊற்றலாம். உப்போ மருந்தோ கலந்த நீரைப் பயிருக்கு ஊற்றலாகாது.